பக்கம் பதினேழு

நாலாம் வகுப்புக்கு வந்த பெட்டியில்
நாற்பத்தொரு புத்தகம்.
பாதியில் சிங்கம் பேசும், நரி ஏமாற்றும்.
மீதியைப் பிள்ளைகள் தனியே அடுக்கி
அட்டையில் எழுதி ஒட்டினார்கள்:
‘நெசப் புத்தகம்’.
நிஜம் என்று திருத்தப் போனேன்.
பிறகு விட்டுவிட்டேன்.

கள்ளந்திரிக் கால்வாயில் தண்ணீர் விட்ட வாரம்
ஜன்னல் வழியே குளவி ஒன்று
ஈரமண்ணை உருட்டி உருட்டிக் கொண்டுவந்து
உடைந்த சுவிட்ச் பெட்டி மேல்
சுண்டைக்காய் அளவில் ஒரு குடம் வனைந்தது.
கழுத்தெல்லாம் வைத்து.
அன்றைக்குக் கணக்கு நடக்கவில்லை.

கதையென்றால் முதலில் தொடங்கிக்
கடைசிவரை போகணும்.
இதில் அப்படியில்லை.
பின்னால் போய்ப் பேர் தேடி
‘கு’வில் விரல் வைத்து
எண்ணைப் பிடித்துக்கொண்டு
முன்னால் ஓடிவர வேண்டும்.

வாசிப்பு நேரம் வந்தால் முகேசுக்கு வயிற்றுவலி வரும்.
அவன்தான் கண்டுபிடித்தான், பக்கம் பதினேழை.
படத்துக்குக் கீழே இருந்த பொடி எழுத்தை
எழுத்துக் கூட்டி, மூச்சு வாங்கி, நின்று, மறுபடி.
யாரும் சிரிக்கவில்லை.
அடுத்து என்ன என்று எல்லாருக்கும் தெரியவேண்டியிருந்தது.

‘குளவி புழுவைக் கொட்டும்.
புழு சாகாது, அசையவும் முடியாது.
முட்டையிலிருந்து வரும் குஞ்சு
அதைத் தின்று வளரும்.’

அழகுமீனா எழுந்தாள்.
என்னைப் பார்க்கவில்லை.
என் தலைக்கு மேல் சுவரைப் பார்த்தாள்.
நன்கொடையாளர் பெயரோடு நீலப் பெயின்ட்டில்
பத்து வருசமாக அங்கே இருக்கிறது:
‘கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்.
கண்டிக்கக் கண்டிக்கப் பிள்ளையும் மேதையாகும்.’

“டீச்சர், அப்ப அந்தப் புழு?”

ஆசிரியர் தின விழாவில் மைக் பிடித்து
இதையே பேசியிருக்கிறேன்.
கைதட்டினார்கள். சால்வை போட்டார்கள்.
மர ஸ்கேலை ஓங்கிய போதெல்லாம்
உள்ளுக்குள் ஒரு குளவி
எனக்காக வாதாடிக்கொண்டிருந்தது.

புத்தகத்தில் தப்பு இருக்கலாம் என்றேன்.
“அப்ப பாத்துருவோம்” என்றான் முகேஸ்.

காம்பஸ் முனையால் பழைய குடம் ஒன்றைப் பெயர்த்தோம்.
உள்ளே பழுப்புத் தோல்,
ஏதோ வெளியேறிய ஓட்டை.
புதியதைத் திறந்தால்
மூன்று பச்சைப் புழு, அடுக்கிவைத்த மாதிரி.
ஒன்று லேசாகத் துடித்தது.
மேலே நூலில் தொங்கியது
அரிசி நொய் போல ஒன்று.

முருங்கை இலை வைத்துப் பார்த்தார்கள்.
தண்ணீர் சொட்டினார்கள்.
கட்டை விரலால் ஒருத்தி தடவிக்கூடக் கொடுத்தாள்.
புழு அப்படியே கிடந்தது.
புதன்கிழமை நொய்க்கு வாய் இருந்தது.
வெள்ளிக்கிழமை புழு இரண்டு.
சனி, ஞாயிறு லீவு.
திங்கட்கிழமை வந்து பார்த்தால்
எறும்பு வரிசை, காலிக் குடம்.

முகேஸ் நோட்டில் எழுதினான்,
யாரும் சொல்லாமலே, பென்சிலை எச்சில் தொட்டு:
‘புழு குளவியாகல. குளவிக்குச் சாப்பாடாச்சு.
குளவியை எறும்பு தூக்கிட்டுப் போயிருச்சு.
எறும்பு புத்தகத்துல இல்ல.’
அந்தத் தாளைக் கிழித்து
பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் வைத்தான்.
புத்தகம் இப்போது சரியாக மூடுவதில்லை.

பெஞ்சு மேல் பெஞ்சு போட்டு ஏறியது யாரென்று
இன்றுவரை நான் கேட்கவில்லை.
நீல எழுத்துக்குக் கீழே, சாக்பீஸில், கோணலாக:
‘பக்கம் 17 பார்க்க.’

கோடை விடுமுறையில் சுவரைப் புதுப்பிக்க வந்த பெயின்டர்
இருந்ததையெல்லாம் இருந்தபடியே
மறுபடி எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.
அந்தக் கடைசி வரியையும்.
அதே நீலத்தில்.
கோணல்கூட மாறாமல்.